மஞ்சள் வைத்த வரி

எங்கள் பெரியநைனாவிடம் யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தால் மாப்பிள்ளை யார், பெண் யார், கல்யாணம் என்றைக்கு என்றெல்லாம் அவர் பார்க்க மாட்டார். கவரைப் பிரித்து, உள்ளே இருக்கும் தாளை உருவி, நேராகக் கடைசிப் பத்திக்குப் போவார். அங்கே தன் பெயர் இருக்கிறதா, இருந்தால் எத்தனையாவது, முன்னாலும் பின்னாலும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார். பார்த்து முடிக்கும்வரை வந்தவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். பெயர் சரியான இடத்தில் இருந்தால் "உக்காரு" என்பார். இல்லாவிட்டால் "தண்ணி குடிச்சிட்டுப் போ" என்பார். இந்த இரண்டைத் தவிர அந்த வீட்டில் வேறு உபசாரத்தை நான் பார்த்ததில்லை.

என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அண்ணன் என்பதால் எனக்கு அவர் பெரியநைனா. அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல் என்றால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கையெழுத்து அழகாக இருக்கும். அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதற்குப் போகலாம்.

எங்கள் ஊர் ஆந்திராவில், நாகலாபுரத்துக்குப் பக்கம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பது தெலுங்கு. என் வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைத் தாண்டி ஊத்துக்கோட்டைப் பக்கம், திருவள்ளூர்ப் பக்கம் என்பதால் கல்யாணப் பத்திரிகையைத் தமிழில் அடித்தாக வேண்டும். பெரியநைனா சின்ன வயதில் ஊத்துக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கி எட்டாவது வரை தமிழில் படித்தவர். அந்த எட்டாவதை வைத்துக்கொண்டு ஊரையே ஆட்டிவைத்தார். பத்திரிகை எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். கோடு போட்ட நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து, சிவப்புப் பேனாவை எடுத்து, "இன்னாடா, யார் யார் பேரு போடணும்?" என்று கேட்பார். சொல்லச் சொல்லத் தலையை ஆட்டுவார். எழுதுவது என்னவோ அவர் நினைத்ததைத்தான்.

எங்கள் ஆட்கள் கூலிக்குப் போனவர்கள். அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர்கள். அச்சில் தன் பெயரைப் பார்ப்பதென்பது எங்களுக்கு ஒரு தலைமுறைப் பழக்கம்தான். நம் பெயரும் ஒரு தாளில் வருகிறதே என்கிற ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன், எனக்கும் அது இருக்கிறது. அந்த ஆசையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சவாரி செய்த மனிதரைத்தான் சொல்கிறேன்.

தனக்கு வேண்டியவனுக்குப் பட்டம் கொடுப்பார். பி.ஏ. பரீட்சையில் மூன்று தடவை கவிழ்ந்தவனுக்கும் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டு, முடிக்காதவர்களுக்குப் போடும் அடைப்புக்குறியை எடுத்துவிடுவார். நர்ஸ் படிப்பை ஒழுங்காகப் படித்து முடித்து வேலைக்கும் போன பெண்ணின் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. கேட்டால், "கல்யாணம் பண்ணிக்கினு போற பொண்ணுக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு?" என்பார். அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பட்டங்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் வளர்ந்தன. ஒரே ஒரு தடவை வார்டு மெம்பராக இருந்தவர். அது முன்னாள் வார்டு மெம்பர் ஆகி, பிறகு மக்கள் தொண்டர் ஆகி, கடைசியில் தமிழ்ப் பற்றாளர் என்று வந்து நின்றது. அவர் பற்று வைத்திருந்த தமிழ் முழுவதும் அந்தக் கடைசிப் பத்தியில் அடங்கிவிடும்.

எங்கள் பங்காளி ஒருவரிடம் டிராக்டர் இருந்தது. ஒருநாள் பெரியநைனா அவசரமாகக் கேட்டபோது, வேறு நிலத்தில் வேலை ஓடுகிறது, நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அடுத்து வந்த கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று இருந்தது. ஊரில் யாரும் கவனிக்கவில்லை. ஊத்துக்கோட்டையில் கவனித்தார்கள். அவருடைய மச்சான் முறையில் ஒருவர் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, மாலை வாங்கிக்கொண்டு, துக்கம் விசாரிக்க பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் நின்று அந்த அம்மாள் ஒப்பாரியைத் தொடங்கியதும், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பங்காளி எச்சில் கையோடு எழுந்து வந்து, "யாரு செத்தது?" என்று கேட்டார்.

அவர் அந்தக் கையோடு பெரியநைனா வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டார். பெரியநைனா அசையவில்லை.

"கடையில தப்பா அடிச்சிட்டாங்கடா. நான் இன்னா பண்ணட்டும்? நீயும் எல்லாத்துக்கும் லேட்டாத்தான வர்ற."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். டிகிரி முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன், நல்ல ஜோக் என்றுதான் நினைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த மாதிரிச் சிரித்துச் சிரித்துத்தான் அவரை அந்த இடத்தில் நாங்கள் உட்காரவைத்தோம்.

என் நைனா நான் நாலாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார். அதற்கப்புறம் என்னை வளர்த்தது அம்மா. மாம்பழ சீசனில் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவாள், மற்ற நாளில் களை எடுக்கப் போவாள். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு அவளுடைய மணிக்கட்டில் தோல் கறுத்து உரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்னை டிகிரி வரை படிக்கவைத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டுவாக்ரா மகளிர் குழுவில் கைநாட்டு வைக்கக் கூடாது என்று சொன்னதால் தன் பெயரை மட்டும் தெலுங்கில் எழுதக் கற்றுக்கொண்டாள். கோவிந்தம்மா. தெலுங்கில் அது நாலே எழுத்து. எங்கே அந்த நாலெழுத்தைப் பார்த்தாலும் நின்று விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஊத்துக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பத்திரிகை எழுத வேண்டும் என்றதும் அம்மா வெற்றிலைத் தட்டோடு பெரியநைனா வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அவள் நின்றுகொண்டேதான் பேசினாள்.

"மாமா, பத்திரிகையில எம் பேரு போடணும்."

"உம் பேரா? இன்னாத்துக்கு?"

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு நான்தான கூப்புடறேன்."

"அதான் நான் கூப்புடறனே. பெரியவன் நான் ஒருத்தன் போதாதா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பொட்டு வச்சிக் கூப்புடத்தான் எனக்கு வழியில்லாத போச்சி. கடுதாசியாவது எம் பேரால கூப்புடட்டும் மாமா."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைக்கப் போகிற பெண்கள் அந்தந்த வீட்டுப் பெண்களின் நெற்றியில் குங்குமம் வைத்துத்தான் அழைப்பார்கள். பொட்டு வைத்து அழைக்காத கல்யாணத்துக்குப் போகாதவர்கள் உண்டு. புருஷனை இழந்தவள் அதைச் செய்யக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு ஊரை அழைக்க அம்மாவுக்கு இருந்த ஒரே வழி அந்தத் தாள்தான். அவள் அதற்குமுன் அவரிடம் எதையும் கேட்டதில்லை, எனக்குத் தெரிந்து யாரிடமும் கேட்டதில்லை.

பெரியநைனா சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி மூடி, கழற்றி மூடி, "சரிம்மே, போட்டுடலாம்" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பத்திரிகை பார்க்கத் திருப்பதிக்குப் போனோம், நாங்கள் மூன்று பேரும். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடை, கோவிந்தா கார்ட்ஸ் என்று பெயர். கடைக்காரர் தெலுங்குக்காரர். ஆல்பம் ஆல்பமாக எடுத்துப் போட்டார். பெரியநைனா ஒவ்வொரு கார்டையும் மோந்து பார்த்தார். தங்க எழுத்தை நகத்தால் சுரண்டினார். மூலையை மடக்கி விட்டுப் பார்த்தார், அது திரும்ப நிமிராவிட்டால் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு அவர் கெடுத்துவைத்த சாம்பிள்களில் ஒரு சின்னக் கல்யாணத்தையே முடித்திருக்கலாம்.

அம்மாவுக்கு ஒரு கார்டு பிடித்திருந்தது. இளம்பச்சையில் இரண்டு கிளிகள் மட்டும் இருந்தன.

"சாமி படம் வோணாம் மாமா. துன்னுட்டு கைய தொடச்சிப் போட்டுடுவாங்க. கால்ல மெதிபடும்."

"திருப்பதிக்கு வந்து கிளி படம் வாங்கிக்கினு போனா சிரிப்பாங்க" என்று சொல்லி, இருப்பதிலேயே பெரிய பெருமாள் படம் போட்டதை எடுத்தார். வெளிக் கவர் முழுக்கப் பெருமாள், உள்ளே மினுமினுவென்று மெல்லிசான ஒற்றைத் தாள். அந்தத் தாளின் ஒரு பக்கம் தமிழ், பின்பக்கம் தெலுங்கு என்று முடிவானது.

தெலுங்குப் பக்கத்தை நான் படித்தேன். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், முகூர்த்தம், மண்டபம். அதோடு முடிந்துவிட்டது. கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது, இரண்டு ஓரத்திலும் வாழைமரம் மட்டும் நின்றது.

"பெரியநைனா, தெலுங்குல கூப்புடறவங்க பேரே இல்லையே?"

"இடம் பத்தல பாப்பா. பேரெல்லாம் தமிழ்ப் பக்கத்துல கீது."

"இங்கதான் இவ்ளோ இடம் கீதே."

"அது டிசைன். டிசைன்ல கை வைக்கக் கூடாது."

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், உனக்குத் தமிழ் வருமா என்று கேட்டேன். "ராதக்கா, சூசி கொட்டேஸ்தா" என்றாள். வராது, எழுத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே அடித்துவிடுவாளாம். ஆகக்கூடி அந்தக் கடையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் பெரியநைனா ஒருவர்தான்.

புரூஃப் வந்தது. அவர் படித்து, இரண்டு இடத்தில் சிவப்பில் திருத்தி, திருப்தியாகத் தலையாட்டினார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"எம் பேரு எங்க மாமா கீது?"

அவர் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலைத் தாளின் கடைசி வரியில், கீழ் ஓரத்தில் வைத்தார்.

"இதோ."

"இவ்ளோ சின்னதா கீதே?"

"பொம்பள பேரு அப்டித்தான் போடுவாங்க."

"மொத எழுத்து இன்னா மாமா?"

"கோ."

அம்மா குனிந்து அந்த இடத்தைத் தொட்டாள். "கோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கம்ப்யூட்டர் பெண் நிமிர்ந்து அந்த விரலைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியநைனா அவளிடம் தெலுங்கில் மூன்று டீ சொல்லச் சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள். நான், இந்த மனுஷனுக்கும் ஈரம் இருக்கிறதே என்று அன்றைக்கு நினைத்தேன்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். முதல் பத்திரிகையைத் திருமலைக்கு என்று எடுத்துவைத்தார்கள். அம்மா சமையல்கட்டு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் வரவில்லை. எல்லோரும் போன பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்த மஞ்சளை மோதிர விரலால் தொட்டு, ஒரே ஒரு பத்திரிகையை எடுத்து, அந்தக் கடைசி வரியின்மேல் வைத்தாள். நைனா போன பிறகு அவள் மஞ்சளைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பத்திரிகையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு நான்தான் கூப்புட்டேன், பாரு" என்பாள்.

கல்யாணம் முடிந்து ஊத்துக்கோட்டைக்கு வந்தேன். இங்கே ரேஷன் கடையிலிருந்து பஸ் போர்டு வரை எல்லாம் தமிழ். நாலு வருஷம் கண் இருந்தும் தெரியாதவளாகத்தான் நடமாடினேன். என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்த பிறகு அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அ, ஆ எழுதினேன். என்னைவிட அவள் வேகம். ஆனாலும் அவள் ஒன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் நான் கடை போர்டுகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். படிக்கத் தெரிந்த வெறியில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்படித்தான் ஒரு மத்தியானம் மாமியாரின் பீரோவில் இருந்த என் கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன்.

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அதனால் ஒவ்வொரு அடியும் மெதுவாக விழுந்தது. 'காலஞ்சென்ற என் தம்பியின் மகளும், என்னுடைய வளர்ப்பு மகளுமான' என்று இருந்தது. சரியாகப் படிக்கவில்லையோ என்று மறுபடி கூட்டினேன். வளர்ப்பு மகள். அதற்குக் கீழே பெரியநைனாவின் பெயர், கட்டை விரல் அகலத்தில். அவருடைய மூன்று பட்டங்கள். அவர் பெண்டாட்டி பெயர், பையன் பெயர். அதோடு பெண் வீடு முடிந்துவிட்டது. அம்மா எங்கேயும் இல்லை. எனக்குக் கடைசி வரி ஞாபகம் வந்தது. கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கூட்டினேன். கோ, விந், தா. கோவிந்தா கார்ட்ஸ், திருப்பதி.

மாமியாரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். "எங்களுக்குத் தெரியுமே. உன்ன வளர்த்ததே அவருதான்னு சொன்னாரு. உங்கம்மாவும் மண்டபத்துல பின்னாடியே நின்னுக்கினு இருந்தாங்க. அப்டித்தான் போலன்னு விட்டுட்டோம்." ஊத்துக்கோட்டை முழுக்க அத்தனை வருஷமும் நான் பெரியநைனா வளர்த்த பெண்ணாக இருந்திருக்கிறேன்.

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். ஈஸிச்சேரில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியநைனா அப்டி பண்ணீங்க?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "படிக்கக் கத்துக்கினியா?" என்றார். பிறகு, "கோவிந்தான்னு கீதா இல்லியா? பெருமாள் பேரு. உங்கம்மாவுக்கு அதுக்கு மேல இன்னா வோணும்?"

"நான் அம்மாகிட்ட சொல்லப்போறேன்."

"சொல்லேன். எனக்கு இன்னா? அவதான் அழுவா."

இந்த மனிதனுக்குப் புத்தி இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எந்த இடத்தில் கை வைத்தால் நான் வாயை மூடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போனேன். அம்மா எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளிடம் பெட்டியைத் திறந்து பத்திரிகையைக் காட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் காய்ந்து பழுப்பாகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவும் இல்லை.

இந்த வருஷம் சித்திரையில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பெரியநைனா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கண் ஆபரேஷன் முடிந்த நடையில் தடவித் தடவி வந்தார். கையில் செல்போன். யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்தார்.

"பாப்பா, எம் பையனுக்குக் கல்யாணம். பெங்களூருல கூட வேல செய்யற பொண்ணு. பத்திரிகைய போன்லயே அனுப்பிட்டான். தாளே அடிக்கலயாம். இங்கிலீசுல கீது. போர்டு எழுத்துன்னா படிச்சிடுவேன், இது என்னமோ சுருள் சுருளா போகுது. எம் பேரு எங்க கீதுன்னு காட்டு. அதப் பார்த்துட்டுத்தான் நாலு பேருக்கு அனுப்பணும்."

வாங்கிப் பார்த்தேன். பூக்கள் விழுகின்றன, பாட்டு ஓடுகிறது. பையன் பெயர், பெண் பெயர், தேதி, திருப்பதியில் ஏதோ ரிசார்ட். இரு வீட்டார் ஆசியுடன் என்று ஒரு வரி. வேறு ஒரு பெயரும் இல்லை. அவர் பையன் அப்பாவை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான் போலிருக்கிறது. அடியில் மட்டும், இலவசமாகப் பத்திரிகை செய்து கொடுக்கும் அந்த ஆப்பின் பெயர் மங்கலாகத் தெரிந்தது.

"பையனக் கேட்டா எல்லாம் கீதுன்றான்" என்றார். குரல் கொஞ்சம் கெஞ்சியது. அந்தக் குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது சந்தோஷம், அதை மறைப்பானேன்.

அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த ஆப்பின் பெயர்மேல் வைத்தேன்.

"இதோ."

"இவ்ளோ சின்னதா கீதே?"

"பெரியவங்க பேரு அப்டித்தான் போடுவாங்க பெரியநைனா."

கண்ணாடியைத் தூக்கிக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவரே அவர்தான், சந்தேகம் வராமல் இருந்திருக்காது. ஆனாலும் தலையாட்டினார். "இங்கிலீசுல அழகாத்தான் கீது" என்று சொல்லி எழுந்து, டீக்கடைப் பக்கம் போனார். அங்கே யாரிடமோ போனை நீட்டி விரலை வைத்துக் காட்டுவது வாசலிலிருந்து தெரிந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பதினோரு வருஷத்துக் கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அம்மா கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல அவரு பேரு கீதா?"

"இல்லம்மா."

அம்மா இரண்டு கடலையை உரித்து முறத்தில் போட்டாள். மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்போ, என்துல?"

அவரைப் பழிவாங்கக் கிடைத்த சந்தோஷத்தில், அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்பதையே மறந்துபோனேன். அதே விரலை, அதே வார்த்தையை அவளுக்கு முன்னாலேயே செய்து காட்டியிருக்கிறேன். அவர் அவளுக்குச் செய்தது பொய்யோடு நின்றது. அதைத் திறந்து காட்டிய கேவலம் என்னுடையது.

அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பத்திரிகையைக் கொண்டுவந்தாள். "படி. ஒண்ணும் உடாத படி" என்றாள்.

படித்தேன். வளர்ப்பு மகள் என்ற இடத்தில் தாண்டிவிடலாமா என்று தோன்றியது. தாண்டவில்லை.

"யாரு வளர்த்தது?"

"அவருன்னு போட்டிருக்குது."

"ம். மேல படி."

அவர் பெயரையும் மூன்று பட்டங்களையும் படித்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களையெல்லாம் படித்தேன். மஞ்சள் வைத்த வரிக்கு வந்தேன்.

"இது கடை பேரும்மா. நாம போன கடை."

அம்மா அந்தப் பழுப்புக் கறையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். "அப்போ இத்தினி வருசமா கடைக்காரனுக்கு மஞ்சா வச்சிக் காட்டிக்கினு இருந்திருக்கேன்" என்றாள். சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை.

"அவரு பேரு எங்க கீது?"

இந்தத் தடவை சரியான இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"பேனா குடு."

பத்திரிகையைத் தரையில் துணிமேல் வைத்து, முழங்காலை ஊன்றிக்கொண்டு, அவருடைய பெரிய எழுத்துகளுக்கு மேலேயே எழுத ஆரம்பித்தாள். மினுக்குத் தாளில் மை ஓடவில்லை, பேனா வழுக்கியது. அம்மா அழுத்தினாள். மை பிடிக்காத இடத்தில் திரும்பத் திரும்ப அதே கோட்டை இழுத்தாள். தெலுங்கில் நாலெழுத்து எழுத அவளுக்கு வெகுநேரம் ஆனது. எழுதி முடித்துப் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுபடி கடலை முறத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

நான் தாளை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம், இடம் பத்தாது என்று அவர் காலியாக விட்ட இடத்தில், இரண்டு வாழைமரத்துக்கும் நடுவில், நாலு எழுத்தும் மேடாக எழும்பியிருந்தன.